18 அடியா, 22 அடியா?

அன்புள்ள குமார்,

ஹாட்டன் ஏரிக்கரையில் வீடு வாங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. மாலதி மிஷிகன் பயணத்துக்கு இப்போதே நாள் பார்க்கத் தொடங்கிவிட்டாள். இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு ரோசெஸ்டரில் வேலை கிடைத்திருக்கிறது. வாரக் கடைசியில் வந்து போகிறாள்.

படகு விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், இனி நாங்கள் இருவர்தானே, 18 அடி பான்டூன் (நீளமான உலோகக் குழாய்களின் மேல் தட்டைத் தளம் போட்ட படகு) போதாதா என்று கேட்டிருக்கிறாய். வேறு ஏரியாக இருந்தால் போதும் என்றே சொல்லியிருப்பேன். மினசோட்டாவின் சின்ன ஏரிகளில் 18 அடிப் படகும் 40 குதிரைத்திறன் மோட்டாருமாக நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். உன் ஏரி அப்படிப்பட்டதல்ல. பரப்பு ஏறத்தாழ 20,000 ஏக்கர். மிஷிகனின் உள்நாட்டு ஏரிகளில் அதுதான் பெரியது. ஆழமோ சராசரியாக எட்டடி வாக்கில். அவ்வளவு பரந்த, ஆழமில்லாத தண்ணீரில் காற்று கிளம்பினால் அலை சீக்கிரம் எழும்பும். நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். இங்கே மில் லாக்ஸ் ஏரிக்கும் அதே சுபாவம்தான். எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதை வைத்து அளவைத் தீர்மானிக்காதே. தண்ணீரை வைத்துத் தீர்மானி.

பான்டூன் பிறந்ததே எங்கள் மினசோட்டாவில்தான், தெரியுமா? ரிச்மண்ட் பக்கத்து விவசாயி ஆம்ப்ரோஸ் வீரஸ் 1950களின் தொடக்கத்தில் இரும்புப் பீப்பாய்களை இரண்டு வரிசையாக வெல்டிங் செய்து இணைத்து, மேலே பலகைத் தளம் போட்டு மிதக்கவிட்டார். இரண்டு வரிசையும் தள்ளித் தள்ளி மிதப்பதால் படகு பக்கவாட்டில் அதிகம் சாயாது. முழங்கால் வலியோடு இருக்கிற அம்மாகூட யார் கையையும் பிடிக்காமல் ஏறுகிறார். ஆனால் முன்னும் பின்னும் குதிப்பதைக் குறைப்பது அகலமல்ல, நீளம். 18 அடிப் படகு ஒவ்வொரு அலையிலும் மூக்கைக் குத்தும். நாலு பேர் முன்னிருக்கைக்கு நகர்ந்த நேரத்தில் நீ வேகத்தைச் சட்டென்று குறைத்தாயானால், தண்ணீர் தளத்தின் மேலேயே ஏறிவிடும். 22 அடிப் படகு அலைகளின் முகட்டோடு முகடாகத் தாண்டிப் போகும். இரண்டு மிதவைக் குழாய்களுக்கும் நடுவில் மூன்றாவது குழாய் (டியூப்) இருந்தால் மிதக்கும் பலமும் கூடும்.

அதனால் என் யோசனை: 22 அடி, மூன்று டியூப், 115 குதிரைத்திறனுக்குக் குறையாத மோட்டார். கையில் பணம் பற்றாது என்றால் புது 18 அடியைவிட, நன்றாகப் பராமரித்த பழைய 22 அடியை எடு. 25 அடி வேண்டவே வேண்டாம். பான்டூனின் கூரைத்துணியும் சுற்றுத் தடுப்பும் காற்றை வாங்கும். படகு நீள நீளத் துறையில் சேர்ப்பது கஷ்டம். கயிறு பிடிக்க நீங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறீர்கள்.

படகை இழுக்க உன் ஒடிஸி வேன் போதுமா என்று யோசித்திருப்பாய். அதன் இழுவைத்திறன் 3,500 பவுண்டு. மூன்று டியூப் படகும் மோட்டாரும் ட்ரெய்லரும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். அதற்காகச் சின்னப் படகுக்கு இறங்காதே. கோடை முழுக்கப் படகு உன் துறையில், அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்தும் லிஃப்டின் மேல்தான் நிற்கப்போகிறது. வசந்தத்தில் இறக்கவும் ஏரி உறைவதற்குள் எடுக்கவும் மட்டும் ஆள் வைத்துக்கொள். லிஃப்ட் மூன்று டியூபுக்கும் அந்த எடைக்கும் ஏற்றதா என்று மட்டும் கறாராகக் கேள். குளிர்காலத்தில் படகை நிறுத்திவைக்கப் பல இடங்களில் அதன் நீளத்தைப் பார்த்து, அடிக்கு இவ்வளவு என்றுதான் வாடகை வாங்குவார்கள். அதையும் கணக்கில் சேர்.

டீலர் காலையில் ஓட்டிக் காட்டுகிறேன் என்பார். ஒப்புக்கொள்ளாதே. காற்றடிக்கிற மத்தியானத்தில், உன் ஏரியிலேயே, இரண்டு அளவையும் ஓட்டிப் பார். சரோஜாவையும் முன்னிருக்கையில் உட்காரவை. அங்கே உட்காருகிறவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

உன் தங்கை குழந்தைகள் வருவார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அளவுக்கேற்ற லைஃப் ஜாக்கெட்டை முன்பே வாங்கி வை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை திறந்த தளத்தில் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது மிஷிகன் சட்டம். எட்டு வயதுக்காரனுக்கும் போட்டுவிடு என்பது என் பிடிவாதம்.

டீலர் கொடுத்த இரண்டு விலைப்பட்டியலையும் படம் எடுத்து அனுப்பு. மோட்டார், ட்ரெய்லர், லிஃப்ட் எல்லாம் சேர்த்த விலையா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி