கிட்டாருக்கு ஏற்ற அறை: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

வணக்கம். நீ அனுப்பிய பதிவுகளைப் பலமுறை கேட்டேன். பெரிய தேவாலயம் ஒன்றின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை (ஒரு கணநேர ஒலிக்கு அந்த இடம் தரும் எதிரொலியின் பதிவு; சுருக்கமாக ஐஆர்) கிட்டாரின் மேல் ஏற்றியபோது தனிச் சுரங்கள் அழகாக ஒலித்ததாகவும், கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) மாறத் தொடங்கியதும் எல்லாம் கலங்கிப்போனதாகவும் எழுதியிருந்தாய். அது மென்பொருளின் குறை அன்று. நீ அந்தக் கட்டடத்திலேயே அமர்ந்து வாசித்திருந்தாலும் இதுதான் நிகழ்ந்திருக்கும். இஸ்தான்புல்லில் தேவாலயமாகக் கட்டப்பட்ட ஹேகியா சோபியாவை எண்ணிப் பார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2010ஆம் ஆண்டில் அங்கே பலூன்களை வெடித்து அதன் முழக்கத்தைப் பதிவு செய்தார்கள். ஒலி அடங்க ஏறத்தாழ 11 வினாடிகள் ஆகின்றன. நிதானமாக நீளும் வழிபாட்டுப் பாடலை அந்த முழக்கம் தாங்கிப் பிடிக்கும். ஒரு வினாடிக்குள் இரண்டு கார்டுகள் மாறும் உன் வாசிப்புக்கு அங்கே இடமில்லை.

கிட்டாரைப் பொறுத்தவரை, முழக்கம் மெல்ல அடங்கும் நீண்ட வாலைவிட முதல் 80 மில்லிவினாடிகளே மதிப்பு மிக்கவை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஆம்ப்புக்கு (கிட்டாரின் ஒலிபெருக்கிக்கு) அருகில் நிற்பவருக்கு, ஐந்து மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்ட ஒலி சுமார் 29 மில்லிவினாடிகளில் திரும்பி வருகிறது. தரை, கூரை, பக்கச் சுவர்கள் ஆகியவற்றிலிருந்து இவ்வாறு வந்து சேரும் முதல் எதிரொலிகளைக் கொண்டுதான் கிட்டார் எவ்வளவு பெரிய இடத்தில் நிற்கிறது என்பதைச் செவி உணர்கிறது. ஆகவே, புகழ்பெற்ற மண்டபங்களைத் தேடுவதை விடுத்து, படிக்கட்டுக் கூடம், காலி அறை, நீண்ட தாழ்வாரம் போன்ற சாதாரண இடங்களை நானே பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறேன். இவ்வளவு நிறைவளித்த வேலை அண்மைக் காலத்தில் வேறொன்றும் இல்லை.

செய்முறையைக் கேட்டிருந்தாய். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஸ்வீப் ஒலியை அந்த இடத்தில் ஒலிக்கச் செய்து, மைக்கில் பதிந்ததை அந்த ஸ்வீப்பின் எதிர்வடிவத்தோடு கன்வல்யூஷன் (ஓர் ஒலியின் மேல் இன்னொன்றின் குணத்தை ஏற்றும் கணக்கீடு) செய்தால் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கிடைக்கும். ஒலியியல் ஆய்வாளர் ஆஞ்செலோ ஃபரினா 2000ஆம் ஆண்டில் முன்வைத்த இம்முறையில், ஸ்பீக்கரின் டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) முதன்மை ஒலிக்கு முன்பாகவே தனியே பிரிந்து நின்றுவிடுவதால் அதை எளிதாக வெட்டி நீக்கலாம். பலூன் வெடிப்பைவிட ஸ்வீப் சிறந்ததாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ஸ்வீப் நீள நீள, அறையின் பின்னணி இரைச்சல் அதற்குக் கீழே அமுங்கிப்போகிறது.

எந்த ஸ்பீக்கரிலிருந்து ஒலிக்க வேண்டும் என்பதில்தான் என் முழு அக்கறையும். எல்லாத் திசைகளிலும் ஒலி பரப்பும் ஸ்பீக்கரைக் கொண்டு எடுத்த பதிவு அரங்கத்தை அளப்பதற்கு உகந்தது; ஆனால் கிட்டார் கேபினட் (ஆம்ப்பின் ஸ்பீக்கர் பெட்டி), உயர் அலைவெண்களை ஒரு கற்றையைப் போல முன்னோக்கியே வீசுவதால், அதே அறையை வேறு விதமாக எழுப்புகிறது. கேபினட்டையே அங்கு வைத்து எடுத்த பதிவில்தான் கிட்டார் அந்த அறைக்குள் நிற்பதாகத் தோன்றுகிறது. கேபினட்டின் குணம் அந்தப் பதிவிலேயே கலந்திருக்கும் என்பதால், அறைக்குச் செல்லும் ஒலியில் மீண்டும் ஒரு கேபினட் ஐஆரைச் சேர்க்காதே. அறைக்குள் செல்லாமல் நேராக வரும் ஒலிக்கு மட்டும் கேபினட் ஐஆர் போதும்.

கன்வல்யூஷனால் இயலாதவையும் உண்டு. ஓர் இடம் மாறாமல் நிற்கிறது, உள்ளே வரும் ஒலி கூடக்குறைய இருந்தாலும் ஒரே விதமாகவே பதிலளிக்கிறது என்பதுதான் அதன் அடிப்படை. அதனால் ஆம்ப்பின் டிஸ்டார்ஷனையோ சுழலும் ஸ்பீக்கரின் அசைவையோ ஒரே ஐஆரில் பிடிக்க முடியாது. டிஸ்டார்ஷன் முதலில், அறை இறுதியில் என்ற வரிசையை மாற்றாதே.

கலக்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனி. ஐஆரின் தொடக்கத்தில் ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்கு நேராக வந்த ஒலியும் இருக்கும். அதை நீக்காவிட்டால், உன் அசல் சிக்னலோடு அது மோதிச் சில அலைவெண்களை வெறுமையாக்கிவிடும். ரிவெர்ப் (அறை முழக்கம்) செல்லும் பாதையில் மட்டும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்துவிட்டால் பேஸ் கிட்டாருக்கு இடம் கிடைக்கும். மேடையில் தாமதம் ஏற்படுமோ என்று அஞ்ச வேண்டாம். நீண்ட ஐஆரைச் சிறிதும் பெரிதுமான துண்டுகளாகப் பிரித்துத் தாமதமின்றிக் கணக்கிடும் வழியை ஆய்வாளர் வில்லியம் கார்ட்னர் 1995ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார்.

நீ ஒத்திகை பார்க்கும் கூடத்தை, உன் கேபினட்டைக் கொண்டே பதிவு செய்து அனுப்பு. ஒரு மைக்கை இரண்டு மீட்டர் தொலைவிலும் இன்னொன்றை எதிர்மூலையிலும் வை. கணக்கிட்ட ஐஆர்களோடு, வெட்டாத ஸ்வீப் பதிவுகளும் எனக்கு வேண்டும். வால் எந்த இடத்தில் இரைச்சலுக்குள் மறைகிறது என்று பார்த்து, அங்கே எப்படி மெல்லத் தணித்து முடிப்பது என அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்