சைபர் பாதுகாப்பில் பெண்கள்

ஆசிரியருக்கு,

சைபர் பாதுகாப்புத் துறையில் உலக அளவில் பெண்கள் ஏறத்தாழ கால் பங்குதான். இதை மாற்ற முனைந்தவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் அம்பரீன் சிராஜ். அமெரிக்காவின் டென்னசி டெக் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 2012-இல் அவர் தொடங்கிய ‘விமன் இன் சைபர்செக்யூரிட்டி’ அமைப்பு, மாணவிகளையும் துறையில் அனுபவமுள்ள பெண்களையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்கிறது. இந்தியாவிலும் 2018-இல் பொறியியல் படித்த பெண்களுக்கென ‘சைபர் சிக்ஷா’ பயிற்சி தொடங்கியது.

பயிற்சி சரி, அப்புறம்? புதியவர்களுக்கான வேலை என்று விளம்பரம் போட்டுவிட்டு, சில நிறுவனங்கள் சிஐஎஸ்எஸ்பி என்ற, அனுபவசாலிகளுக்கான சைபர் பாதுகாப்புச் சான்றிதழைக் கேட்கின்றன. அதை முழுமையாகப் பெறவே பொதுவாக 5 ஆண்டு அனுபவம் வேண்டுமே! படித்து முடித்த பெண் எங்கே போவாள்? சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் கண்காணிப்பு மையங்களோ 24 மணி நேரமும் இயங்குபவை. நள்ளிரவு 2 மணிக்கு ஷிப்ட் முடிந்தால் வீட்டு வாசல் வரை வண்டி வருமா என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வி. அது நியாயமான கேள்வி.

நிறுவனத் தலைவர்கள் மகளிர் தின மேடையில் வாக்குறுதி தந்தால் போதாது. பொருந்தாத அந்த நிபந்தனையை விளம்பரத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வண்டி வசதியைப் பணி ஆணையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, கோயம்புத்தூர்