பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் பங்காளிகளுக்கு

மதிப்பிற்குரிய பங்காளிகள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்துதான். உங்கள் வீட்டு எலிகள் அந்தச் சந்தைத் தாண்டி என் வீட்டுக்கு வருவது உங்களுக்குத் தெரியும். முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்புச் சடங்குக்கு, சென்ற இரண்டு முறையும் நீங்கள் வந்திருந்தபோது நேரில் சொன்னேன். "மற்றவர்களையும் கலந்துகொண்டு சொல்கிறோம்" என்றீர்கள். இன்றுவரை பதில் இல்லை.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் பலகாரம் செய்ய ஒப்புக்கொண்டிருந்தேன். மணகோலத்துக்கும் சீப்புச் சீடைக்கும் மாவு அரைத்து, ஆறவிட்டு, அண்டாவில் கொட்டி வாயைத் துணியால் கட்டி வைத்தேன். விடியற்காலையில் சலிக்கும்போது சல்லடையில் கறுப்பாக ஏதோ தங்கியது. எள் என்று நினைத்தேன். ஆனால் அந்த மாவில் நான் எள் சேர்ப்பதே இல்லை. விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தால், நொய்யரிசி அளவில், முனை கூராக, சுண்டெலிப் புழுக்கை. துணியின் ஓரத்தில் விரல் நுழையும் ஓட்டை. சலித்து எறிந்துவிட்டுச் சுட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று உதவிக்கு வரும் பெண் கேட்டாள். எனக்குத் தெரியுமே! எலி மூத்திரம் பட்ட மாவில் செய்ததைக் கல்யாண வீட்டுக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. 12 கிலோ மாவையும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன்.

என் பக்கம் நான் குறை வைக்கவில்லை. சுண்டெலிக்குப் பென்சில் பருமன் இடைவெளி, 6 மில்லிமீட்டர், போதும். அடுப்படிக் கதவின் அடியில் தகரம் அடித்தேன். தண்ணீர்க் குழாய் நுழையும் ஓட்டையில் இரும்பு நாரைத் திணித்துச் சிமெண்ட் பூசினேன். துணியோ மரத்துண்டோ வைத்து அடைத்தால் பயனில்லை. முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் எலி எதையாவது கொறித்துக்கொண்டுதான் இருக்கும். முற்றத்துத் தூம்புக்கும் நெருக்கமான கம்பி வலை போட்டாயிற்று. பலகாரம் செய்யும் வீட்டில் விஷம் வைக்க மாட்டேன், பொறிதான். வாரத்துக்கு நாலைந்து விழுகின்றன.

எத்தனை பிடிப்பது? மூன்று வாரத்தில் ஓர் ஈற்று, ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள். அவை பிறக்கும் இடம் உங்கள் இரண்டாம் கட்டு. சந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஞ்சு பிதுங்கிய மெத்தைகள், கிழிந்த கோணிகள், அரித்துப்போன பேரேடுகள். வேப்பங்கிளை உங்கள் ஓட்டின் மேல் சாய்ந்து கிடக்கிறது. எலிகள் உடைந்த நாட்டு ஓட்டு வழியே வெளியே வந்து, கேபிள் வயரைப் பிடித்து என் மாடிக்கு வந்துவிடுகின்றன.

தயவுசெய்து வீட்டைத் திறந்துவிடுங்கள். மூன்று நாள் போதும்.

செட்டிநாட்டில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். எந்த ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் பூட்டுத் தொங்குகிறது. பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பின்கட்டில் மழை ஒழுகுவதை யாரும் பார்ப்பதில்லை. தூணை விற்பதற்கு ஒன்றுகூடும் பங்காளிகள் ஓடு மாற்ற ஏன் கூடுவதில்லை? பங்குக்கு மட்டும் நாற்பது பேர், பொறுப்புக்கு ஒருவரும் இல்லையா?

மனம் கொதித்து எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆச்சி இருந்தவரை வெள்ளிக்கிழமைதோறும் இரண்டாம் கட்டுவரை திறந்து, பெருக்கிச் சாம்பிராணி போடச் சொல்வார்கள். எனக்கு முதன்முதலில் பலகாரத்துக்கு முன்பணம் கொடுத்ததும் அவர்கள்தான். அந்த வீட்டைக் குறைசொல்லி எழுத நேர்ந்ததில் எனக்கும் வருத்தம் உண்டு.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஓட்டின் மேல் ஆள் ஏற முடியாது. அதற்குள் திறந்துவிடுங்கள். கிளையை வெட்டி, ஓட்டை மாற்றி, குப்பையை அகற்றி, சந்துப்பக்க ஓட்டைகளை அடைக்கக் கொத்தனாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கூலியில் பாதியை நான் தருகிறேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் தெரிவியுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சந்துக்கு இந்தப் பக்கத்து வீட்டுக்காரி