90 அடி ரோட்டுச் சொந்தங்களுக்கும் பரேல் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் நன்றி

தாராவி உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரருக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து "எத்தனாவது ஸ்டேஜ்?" என்று கேட்காதவர்கள் இல்லை. கட்டி ஒன்றே ஒன்றுதான், 2.6 செ.மீ. ரத்தக்குழாய்க்குள் இறங்கவில்லை, வேறெங்கும் பரவவும் இல்லை. அப்புறம் ஏன் உடனே வைத்தியம் ஆரம்பிக்கவில்லை என்று வீடே தவித்தது.

அந்தத் தவிப்பைத் தீர்த்தவர் பரேலில் இருந்த தமிழ் தெரிந்த இளம் டாக்டர். ஓ.பி. நெரிசலிலும் எங்களை உட்காரவைத்து, ஸ்கேன் கவரின் பின்பக்கம் ஒரு கோடு கிழித்தார். இந்தப் பக்கம் கட்டி, அந்தப் பக்கம் ஈரல். ரத்தத்தில் பிலிருபின் (காமாலையைக் காட்டும் மஞ்சள் பொருள்) 2.6, அல்புமின் (ஈரல் செய்யும் புரதம்) 2.7, வயிற்றில் லேசாக நீர். ரத்தம் உறைவதும் நினைவும் சரியாக இருந்தன. இந்த ஐந்துக்கும் ஒன்றிலிருந்து மூன்று வரை மதிப்பெண் போட்டுக் கூட்டினால் 9. மதிப்பெண் ஏற ஏற ஈரல் மோசம் என்று அர்த்தம். ஐந்து, ஆறு வந்தால் 'ஏ', 7 முதல் 9 வரை 'பி', 10 முதல் 'சி'.

"கட்டி சின்னதுதாம்மா. ஆனா ஈரல் சுருங்கியிருக்கு. இப்ப கை வெச்சா ஈரல் தாங்காது. ஆயுசு இந்த ரெண்டையும் பொறுத்தது" என்றார். பக்கத்துக் கட்டில் நாசிக் பெரியவருக்குக் கட்டி 7 செ.மீ., ஆனால் ஈரல் 'ஏ'. அவருக்கு அறுவை சிகிச்சையே செய்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

ஈரலைத் தேற்றியதில் பாதிப் பங்கு உங்களுடையது. அவருக்கு இருந்த, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்குத் தினமும் மாத்திரை, நீர் இறங்க மாத்திரை, இவை டாக்டர் கொடுத்தது. உப்புக் குறைத்த சாம்பாரும், படுக்கும் முன் குடிக்கக் கஞ்சியும் மாடி வீட்டு அக்கா கொடுத்தது. ராத்திரி வெறும் வயிற்றோடு கிடந்தால் உடம்பு தசையைக் கரைக்கும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஒரு நாள்கூட என் வீட்டுக்காரர் கஞ்சியைத் தவறவிடவில்லை. தையல்கடை பாய் கொடுத்த இஞ்ச் டேப்பில்தான் நீர் ஏறுகிறதா என்று பார்க்கக் காலையில் வயிற்றைச் சுற்றி அளந்து எழுதுவோம். சயானிலிருந்து பரேலுக்கு லோக்கலில் அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போன பிள்ளைகளே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

பிலிருபின் 1.4-க்கு இறங்கியது, அல்புமின் 3-ஐத் தொட்டது, நீர் வற்றியது. கூட்டினால் 6. அதன் பிறகுதான் ஊசி வழியாகச் சூடேற்றிக் கட்டியைக் கருக்கினார்கள். ஸ்கேன் தொடர்ந்து பார்க்க வேண்டும். சுருங்கிய ஈரலில் புதுக் கட்டி முளைக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

வார்டில் இருந்த மலையாளி சிஸ்டருக்குத் தனியாக ஒரு கும்பிடு. என்னையும் பிள்ளைகளையும் விடாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியவர் அவர்தான். எங்களுக்கு அந்த ஹெபடைடிஸ் பி கிருமி இல்லை, தடுப்பூசி போட்டுக்கொண்டோம். உங்கள் வீட்டில் யாருக்காவது ஹெபடைடிஸ் பி இருந்தால், டாக்டரிடம் கேட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுங்கள். கூட வர ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் 90 அடி ரோட்டுச் சகோதரி