விமானி முகமூடிக்கு அரை நொடிச் சோதனை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் மதுரை செல்வதற்காக மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி அமர்ந்த பிறகு, விமானிகளுக்கான ஆக்சிஜன் சிலிண்டரை மாற்ற வேண்டியிருப்பதால் புறப்பாடு தாமதமாகும் என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் அறிவித்தார்கள். "நம் தலைக்கு மேலேதான் முகமூடி இருக்கிறதே, அதில் ஒன்றைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதுதானே" என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். போகிப் புகையில் விமானம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளும் நம்மவர்கள் இதற்குச் சலித்துக்கொண்டதைப் பார்த்தபோது, விமானப் பராமரிப்புப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றை எழுதத் தோன்றியது.

பயணிகளின் முகமூடிக்குப் பெரும்பாலான விமானங்களில் சிலிண்டரே கிடையாது. இழுத்தவுடன் வேதிவினையால் ஆக்சிஜன் உண்டாக்கும் சிறு கலன்தான் உண்டு. அது ஏறத்தாழ 12 முதல் 15 நிமிடங்கள் தாங்கும். அதற்குள் விமானத்தை, முகமூடி இல்லாமலே மூச்சுவிடக்கூடிய 10,000 அடி உயரத்துக்கு இறக்க வேண்டியவர் விமானி. 35,000 அடியில் விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் அவருக்குத் தெளிவாகச் செயல்படக் கிடைப்பது 30 முதல் 60 நொடிகளே என்பதால்தான், ஒரே கையால் 5 நொடிக்குள் மாட்டிக்கொள்ளும் தனி முகமூடியும் தனிச் சிலிண்டரும் அவருக்கு வைத்திருக்கிறார்கள். 2005 ஆகஸ்ட் 14 அன்று கிரேக்க நாட்டில் 121 பேரைப் பலிகொண்ட ஹீலியோஸ் நிறுவன விமானத்தில் பயணிகளின் முகமூடிகள் கீழே விழத்தான் செய்தன. விமானிகளோ தங்களுடையதை மாட்டிக்கொள்ளாமலேயே நினைவிழந்தார்கள்.

ஒவ்வொரு நாளும் முதல் புறப்பாட்டுக்கு முன் விமானி தம் முகமூடிப் பெட்டியின் விசையை அழுத்திச் சோதிப்பார். ஆக்சிஜன் பாய்ந்தால் சிறு மஞ்சள் காட்டி ஒன்று தோன்றி மறையும். என் கவலை இந்த இடத்தில்தான் இருக்கிறது. வீட்டில் கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிய பிறகும், ரப்பர் குழாயில் தங்கிய வாயுவால் அடுப்பு சற்று நேரம் எரிவதைப் பார்த்திருப்போம். அதுபோலவே சிலிண்டர் வால்வு மூடியிருந்தாலும், குழாயில் தேங்கிய ஆக்சிஜன் அரை நொடிச் சோதனையில் மஞ்சள் காட்டியை நன்றாகவே அசைத்துக் காட்டிவிடும். நான் பணியில் இருந்தபோது ஓர் இரவு சிலிண்டரை மாற்றியவர்கள் வால்வை முழுதாகத் திறக்காமல் விட்டுவிட்டார்கள். காலையில் துணை விமானி விசையைத் தட்டிப் பார்த்துச் சரி என்றார். கேப்டன் விசையையும் அவசரநிலைக் குமிழையும் சேர்த்துச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தபடியே அழுத்தமானியைப் பார்த்தார். முள் சரசரவென்று இறங்கியது. போயிங் 737 விமானத்துக்கான நடைமுறையும் இதையே சொல்கிறது: சோதனையின்போது அழுத்தம் வேகமாகச் சரிந்தாலோ, சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் குறைந்தாலோ, பிறகு மெதுவாக ஏறினாலோ, வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலும் இதில் ஏமாற்றும். முழுச் சிலிண்டரின் அழுத்தம் 21 டிகிரி செல்சியஸில் சதுர அங்குலத்துக்கு 1,850 பவுண்டு என்பது வழக்கமான கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியில் நிற்கும் விமானத்தில் அதே அளவு ஆக்சிஜன் நூறு பவுண்டுக்கு மேல் கூடுதலாகக் காட்டும். ஆகவே வெப்பநிலை அட்டவணையோடு ஒப்பிடாமல் முள்ளை மட்டும் நம்பக் கூடாது.

சிலிண்டரை மாற்றிய பிறகு, வால்வு முழுதாகத் திறந்திருப்பதை மாற்றியவர் அல்லாத இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றும், அடுத்த புறப்பாட்டுக்கு முன் இரண்டு விமானிகளின் முகமூடிகளையும் அழுத்தமானியைப் பார்த்தபடி நீண்ட சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்றும் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ எல்லா விமான நிறுவனங்களுக்கும் ஒரே சீரான விதியாக வைக்க வேண்டுகிறேன். அந்தச் சில நொடிகளும் அதனால் நேரும் தாமதமும் புறப்பாட்டுக்கு முன் விமானத்தைச் சரிபார்க்கும் லைன் இன்ஜினியரின் கணக்கில் குறையாக எழுதப்படக் கூடாது. காலைப் புறப்பாட்டு நெருக்கடியில் விசையைத் தட்டிவிட்டு நகரும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது.

அன்று எங்கள் விமானம் ஐம்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் விமானத்தில் காரணத்தைத் தமிழிலும் சொல்லியிருந்தால், பக்கத்து இருக்கைக்காரருக்கு அந்த ஐம்பது நிமிடமும் நானே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வந்திருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பு ஊழியர்,
பம்மல், சென்னை.