ரெண்டு ரிங் போதும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் பழைய மாதிரிதான். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், நீ எடுத்தால். ரெக்கார்டிங் நேரத்தில் போனை அணைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். 22 நாளாகவா ரெக்கார்டிங் என்று உன் அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. பனங்கற்கண்டு, அதிமதுரம், சித்தரத்தை, கொஞ்சம் பருப்புப்பொடி. ராத்திரியில் தயிர் சாப்பிடாதே. வெந்நீர் குடி. தொண்டை சரியில்லாத அன்று யார் கூப்பிட்டாலும் போகாதே. மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள், நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார்கள். தம்பி தீபாவளிக்கு வருகிறானாம். நீயும் வந்தால்... சரி, அதை அப்புறம் பேசலாம்.

போன வாரம் பழைய அட்டைப்பெட்டியை இறக்கினேன். எந்தப் பெட்டி என்று உனக்குத் தெரியும். லாங் பஜார் கடையில் மிச்சமான கேசட்டுகள். பாதிக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது. அதில் வாணி ஜெயராம் பாட்டுகளை மட்டும் தனியாகப் பதிந்து வைத்த ஒரு டி.டி.கே 90 நன்றாகவே ஓடுகிறது. என் கையெழுத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதியிருக்கிறது. கடைக்குப் பட்டியலோடு வருகிறவர்களில் பத்தில் நாலு பேர் 'மேகமே மேகமே' கேட்பார்கள். பதிந்து கொடுத்து எனக்கே அலுத்துப்போன பாட்டு. ஆனால் போன செவ்வாய்க்கிழமை, ராத்திரி 11 மணிக்கு, அலுக்கவில்லை.

அந்த அம்மா நம்ம ஊரில் பிறந்தவர் என்பதை உனக்கு ஐந்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1945, வேலூர், பெயர் கலைவாணி. எட்டு வயதில் சென்னை வானொலியில் பாடியவர். நீ வேலையை விட்டபோது நான் சண்டை போட்டேனே, அன்று இவரைப் பற்றிச் சொல்லித்தான் நீ என் வாயை அடைத்தாய். ஸ்டேட் பாங்க் வேலை அவருக்கு. சென்னை, ஹைதராபாத், கல்யாணம் ஆனதும் பம்பாய். அங்கே கணவர் சொல்லி இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம். அப்புறம் வேலையை விட்டார். "பாங்க் வேலையையே விட்டாங்கப்பா, நான் கம்ப்யூட்டர் வேலையை விட்டா என்ன?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது: அவருக்குப் பக்கத்தில் சிதார் வாசிக்கிற கணவர் இருந்தார், உனக்கு அந்த வளசரவாக்கம் அறையில் ஒரு பூனைகூட இல்லை. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பாய். இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

1971ல் 'குட்டி' என்ற இந்திப் படத்தில் இசையமைப்பாளர் வசந்த் தேசாய் பாட வைத்தார். நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் பம்பாயில் நாற்காலிகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. அந்த ஒரு பாட்டு கொண்டுபோய் வைத்த இடத்தில் அவரால் அங்கே உட்கார முடியவில்லை. 1974ல் சென்னைக்கே வந்துவிட்டார். ஊரெல்லாம் 'மல்லிகை என் மன்னன்' என்று பாடியது அந்த வருஷம்தான். விஸ்வநாதன் இசை. அடுத்த வருஷம் 'அபூர்வ ராகங்கள்', தேசிய விருது. மொத்தம் மூன்று தேசிய விருதுகள், 19 மொழிகள்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். இதற்கு முன்னால் நடந்த ஒன்றை மட்டும் உனக்கு நான் சொன்னதில்லை. தமிழில் அவர் முதலில் பாடியது மல்லிகை இல்லை. 1973ல் 'தாயும் சேயும்' என்ற படத்துக்காக சுப்பையா நாயுடு இசையில் பாடினார். படம் வரவேயில்லை. பாட்டு டப்பாவுக்குள்ளேயே தங்கிவிட்டது. எஸ்.பி.பி.க்கும் இதே கதை. தமிழ் உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டு வா என்று விஸ்வநாதன் திருப்பி அனுப்பினார். திருத்திக்கொண்டு வந்து பாடிய முதல் பாட்டு 'ஹோட்டல் ரம்பா'வுக்கு. ஈஸ்வரியோடு டூயட். அந்தப் படமும் வரவில்லை. ரெண்டு பேருக்கும் முதல் தமிழ்ப் பாட்டு ஊர் காதில் விழவில்லை என்பதை யோசித்துப் பார்.

'அப்பா, ஆரம்பிச்சிட்டீங்களா' என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது. எஸ்.பி.பி.க்கு டைபாய்டு வந்தபோது, குணமாகி அவரே பாடட்டும் என்று எம்.ஜி.ஆர். காத்திருந்த கதையையும் சொல்லிவிடுவேன் என்று பயப்படாதே. அதை இந்த வீட்டில் சுவரும் சொல்லும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் கதையை நான் எப்போதும் பாடகர் பக்கம் நின்றே சொல்லியிருக்கிறேன், திறமை இருந்தால் உலகம் காத்திருக்கும் என்கிற மாதிரி. அது தப்பு. காத்திருப்பதற்கு எல்லாருக்கும் ஓர் எம்.ஜி.ஆர். கிடைப்பதில்லை. உனக்குத் தப்பான பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் வயலின்காரர்களிலிருந்து தபேலாக்காரர் வரை எல்லாரும் உட்கார்ந்திருக்க, பாடுகிறவர் சின்ன அறையில் நிற்பார். ஒருவர் பிசகினாலும் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. ஒரு குரலை மாற்ற வேண்டுமென்றால் அத்தனை பேரையும் மறுபடி கூப்பிட வேண்டும். இப்போது நீ தனியாகப் போய், காதில் டிராக்கை மாட்டிக்கொண்டு, நாலு வரி பாடிவிட்டு வருகிறாய். அதை எடுத்துவிட்டு இன்னொருவர் குரலை வைக்க யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. உன்னிடம் சொல்லக்கூட வேண்டியதில்லை. இதை நான் யாரையும் குறை சொல்லி எழுதவில்லை. டிராக் பாடுவது என்றால் அதுதான் என்று நீயே எனக்கு விளக்கியிருக்கிறாய். தையல் கடையில் உடம்பு அளவுக்கு வெட்டிப் பார்க்கிற காகிதம் மாதிரி, என்றாய். அப்போது சிரித்தாய்.

ஒரு விஷயம், இது முக்கியம். எங்கே பாடினாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் காகிதத்தைப் படி. 2012ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து பாடகர்களுக்கும் ராயல்டி உண்டு. அதைக் கேட்டு வாங்க ஒரு சங்கமே இருக்கிறது. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விடாதே. பாட்டு உன் குரலில் வந்தால்தான் அதெல்லாம் என்பாய். சரிதான். வரும்போது காகிதம் சரியாக இருக்க வேண்டும் அல்லவா. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு.

வெந்நீர் குடிக்கிறாயா?

பாப்பா, அந்தப் பாட்டு வந்ததை நானும் பார்த்தேன். வந்த அன்றைக்கே, சாயங்காலம் ஆறு மணிக்கு. நீ மார்ச்சிலேயே பல்லவியைப் போனில் முணுமுணுத்துக் காட்டியிருந்தாய், யாரிடமும் சொல்லாதீங்க என்று. நான் சொன்னேன். தெருவில் பாதிப் பேரிடம் சொன்னேன். உன் அத்தையிடம்கூடச் சொன்னேன், அவளிடம் நான் பேசுவதை நிறுத்தி எத்தனை வருஷம் என்று உனக்குத் தெரியும்.

தம்பி வாங்கிக் கொடுத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்தது. ஹம்மிங், அப்புறம் பல்லவி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவளால் படியேற முடியவில்லை, கீழேயே நின்றாள். "பாப்பா பாடறா, பாப்பா பாடறா" என்று மேலேயிருந்து கத்தினேன். சரணத்தில்தான் தெரிந்தது. ரெண்டாவது வரியில் அந்தப் பெண் வார்த்தைக்கு நடுவில் மூச்சு எடுக்கிறாள். நீ எடுக்க மாட்டாய். ஏழு வயதில் அதற்காக உன்னை முட்டி போட வைத்தவன் நான்.

என் தொழிலே காதுதான். கடையில் பையன்கள் பந்தயம் கட்டுவார்கள், ஒரு ஹம்மிங்கை ஓடவிட்டு யார் என்று கேட்பார்கள். சுசீலாவா, ஜானகியா, வாணியா, ஒரு நொடியில் சொல்வேன். அதே காது, பெற்ற மகளின் குரல் இல்லாததை ஒரு பல்லவி முழுக்கக் கண்டுபிடிக்கவில்லை. இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் இன்னும் அது நீ பாடியது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. மறுநாள் டீக்கடையில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணே, பாப்பா பாட்டா?" என்று டீ போடுகிறவர் கேட்டார். பெஞ்சில் நாலைந்து பேர் திரும்பினார்கள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். குடித்துவிட்டு வந்தேன்.

அந்த டீதான் என்னைத் தூங்க விடவில்லை. உன் குரல் போதவில்லை என்று யாரோ ஒரு ரூமில் முடிவு செய்தார்கள், சரி. ஆனால் இன்னொருத்தி குரலை உன் குரல் என்று சொன்ன ஒரே ஆள் உன் அப்பன். நாளைக் காலையில் போய், அது அவள் இல்லை, அவள் பாடினது இன்னும் நன்றாக இருக்கும் என்று சொல்லப்போகிறேன். காசையும் கொடுத்துவிடுவேன். அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டம். அதற்கு நீ வேண்டும்.

பூனைகூட இல்லை என்று எழுதினேன் அல்லவா. வாணியம்மாவுக்கு 2023 ஜனவரி 25ஆம் தேதி பத்மபூஷண் அறிவித்தார்கள். பிப்ரவரி 4ஆம் தேதி, வேலைக்கு வந்தவர் நுங்கம்பாக்கம் வீட்டில் மணி அடித்து அடித்துப் பார்த்தார், திறக்க ஆளில்லை. கணவர் 2018லேயே போய்விட்டார். வாணியம்மா உள்ளே கீழே விழுந்து கிடந்தார். விருது கைக்கு வரவில்லை. அவருக்கு 77 வயது, உனக்கு 28, ரெண்டையும் சேர்த்துப் பேசுகிற கிழவனுக்குப் பைத்தியம் என்று வைத்துக்கொள். ஆனால் நீ போனை எடுக்காத ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்பது அந்த வாசல் மணிதான்.

திரும்பி வா என்று எழுத உட்கார்ந்தேன். எழுத மாட்டேன். வேலை தேடு என்றும் எழுத மாட்டேன், அம்மா எழுதச் சொன்னாள். நீ பாடின அந்த டிராக் உன்னிடம் இருக்கும் இல்லையா? வெளியே விடக்கூடாது என்று ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அனுப்பாதே, வம்பு வேண்டாம். வரும்போது எனக்கு மட்டும் பாடிக் காட்டு. டி.டி.கே ஒன்று புதிதாகப் பிரிக்காமல் இருக்கிறது. பழைய டெக்கில் ரெக்கார்டு பட்டன் இன்னும் அமுங்குகிறது, பார்த்துவிட்டேன்.

பேச மனசில்லை என்றால் பேசாதே. ராத்திரி படுக்கும் முன் ஒரு மிஸ்டு கால் கொடு. ரெண்டு ரிங் போதும். நான் எடுக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா

சித்தரத்தையைப் போன தடவை மாதிரி முழுசாக வாயில் போட்டுக் கடிக்காதே. தட்டி, சின்னத் துண்டாக அடக்கிக்கொள். பருப்புப்பொடியில் காரம் கம்மி, அம்மாவே இடித்தது.