நிலவில் இறங்கின பிறகு எதில் போவார்கள்?

இஸ்ரோவில் நிலவுப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு,

வணக்கம். 2040-க்குள் நிலவில் இந்தியரை இறக்குவோம் என்கிறீர்கள். ராக்கெட் பற்றியும் இறங்குகலம் பற்றியும் நிறையப் பேசுகிறோம், சரி. அப்புறம்? இறங்கினவர் நடந்தேவா சுற்றுவார்?

1971 பிப்ரவரியில் நாசாவின் அப்போலோ 14-இல் நிலவுக்குப் போன ஷெப்பர்டும் மிட்செலும் ஒரு கைவண்டியை இழுத்துக்கொண்டு கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேடேறினார்கள். மூச்சு வாங்கி, வழி குழம்பி, நேரமும் தீர்ந்து திரும்பிவிட்டார்கள். விளிம்பு ஏறக்குறைய 30 மீட்டர் தள்ளித்தான் இருந்திருக்கிறது! அதே ஆண்டு ஜூலையில் அப்போலோ 15-ஓடு 210 கிலோ எடையுள்ள மின்வண்டி போனது. அடுத்த ஆண்டு அப்போலோ 17-இல் செர்னனும் ஷ்மிட்டும் மூன்று நாளில் 35 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, சுமார் 110 கிலோ கல்லும் மண்ணும் அள்ளிவந்தார்கள் (ஷ்மிட் புவியியலாளர், அதையும் சொல்ல வேண்டும்).

அவர்களும் இறங்குகலத்தை விட்டு 7.6 கிலோமீட்டருக்கு மேல் விலகவில்லை. வண்டி நடுவழியில் படுத்துவிட்டால் நடந்தே திரும்பும் அளவுக்கு ஆக்சிஜன் மிச்சமிருக்க வேண்டுமே. ஆகவே நான் கேட்பது ஒரு வண்டி இல்லை, இரண்டு. ஒன்று நின்றால் மற்றதில் ஏறி வரலாம், எல்லையும் விரியும். உள்ளே காற்றடைத்த வண்டி இன்னும் நல்லது. நிலவுக்கு மறுபடி ஆள் அனுப்பும் நாசாவின் ஆர்ட்டெமிஸ் திட்டத்துக்காக ஜப்பான் அதைத்தான் செய்கிறது, அவர்களோடு நீங்கள் ஏற்கெனவே லூபெக்ஸ் என்ற நிலவு ஆய்வுத் திட்டத்தில் கைகோத்திருக்கிறீர்கள்.

சந்திரயான்-3-இல் போன ஆளில்லா வண்டி பிரக்யானைப் பெரிதாக்கினால் ஆயிற்று என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 26 கிலோ பிரக்யான் சுமார் 100 மீட்டர் ஓடியதும், முன்னால் பள்ளத்தைக் கண்டதும் நீங்கள் அதைத் திருப்பிவிட்டதும் எங்களுக்கெல்லாம் பெருமைதான். நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்து நிலவு மண் செய்து சோதித்தவர்கள் நீங்கள். ஆனால் ஆள் உட்காரும் வண்டி வேறு சாதி. விறைத்த விண்ணுடையோடு சீட் பெல்ட் மாட்டவே அப்போலோ 15-இல் திண்டாடினார்கள். அப்போலோ 17-இல் செர்னனின் சுத்தியல் பட்டு மட்கார்டு உடைந்து மேலெல்லாம் தூசி கொட்ட, நான்கு வரைபடத் தாள்களை டேப்பால் ஒட்டிச் சமாளித்தார்கள்.

நாசா 17 மாதத்தில் வண்டி செய்ததே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். முதல் நாள் ஓட்டத்திலேயே அதன் முன்சக்கரங்கள் திரும்ப மறுத்தன. தவிர, அது மடித்து இறங்குகலத்தின் பக்கவாட்டில் தொங்கவிடப்பட்ட வண்டி. உங்கள் இறங்குகலத்தின் வடிவம் முடிவாகிவிட்ட பிறகு வண்டிக்கு இடம் தேடினால் கிடைக்காது. இப்போதே ஒதுக்கிவையுங்கள்.

அன்புடன்,
பிரக்யானின் ஒவ்வொரு மீட்டரையும் எண்ணிக்கொண்டிருந்த ஒருவன்